முதலில் எழுது, பிறகு தொடு

ஜாவ்தி அத்தை செய்தித்தாளை வாசிக்க மாட்டாள், விசாரிப்பாள். தைவானில், தோநான் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பலகாரக் கடையில் முட்டை தோசையும் சூடான சோயாப்பாலும் முன்னால் இருக்க, ஒவ்வொரு செய்தியாகக் கூண்டில் ஏற்றுவாள். முதலில் தலைப்பைச் சத்தமாகப் படிப்பாள். கொஞ்சம் நிறுத்துவாள். பிறகு தீர்ப்பு வரும்.

“‘தினம் மூன்று கோப்பை காப்பி குடித்தால் ஆயுள் கூடும்.’ போன மாசம் குறையும்னாங்க. இந்தத் தடவை ஆராய்ச்சி பண்ணவன் காப்பி குடிக்கிறவன்போல. பிடிச்ச பதில் வர்ற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தா அதுக்குப் பேரு ஆராய்ச்சி இல்ல, அடம்.”

“‘தைவானில் குழந்தைகள் குறைவதற்குப் பெண்களின் மேல்படிப்பே காரணம் என்கிறார் பேரவை உறுப்பினர்.’ சரி, இவரு புத்தகத்தையே தொடாம இருந்து எத்தனை பெத்தாராம்?”

“‘கடலம்மன் ஊர்வலப் பல்லக்கு எங்கே வருகிறது என்பதை இனி கைபேசியிலேயே பார்க்கலாம்.’ நாம எங்க இருக்கோம்னு அம்மனுக்குத் தெரியும்னு சொல்லி வளர்த்தாங்க. இப்ப அம்மன் எங்க இருக்கான்னு செயற்கைக்கோளைக் கேக்க வேண்டியிருக்கு.”

கடையில் எல்லோரும் சிரிப்பார்கள். நான் சோயாப்பால் கோப்பைக்குள் சிரிப்பேன். அதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது.

“டேய் போலின், சிரிக்கிறதுன்னா வாயத் தொறந்து சிரி. நீ படிக்கிற புதுக்கவிதை மாதிரியே இருக்கே நீயும். பக்கத்துல பாதி வெத்துக் காகிதம். காகிதக்காரன் பொழைக்கணும்னு எழுதறாங்களா?”

“அந்த வெத்து எடமும் கவிதைதான் அத்தை.”

“அப்ப அதுக்கும் சேத்துத்தான் வெலை போட்டிருப்பான்.”

அத்தை எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியின் அறிவியல் கூடத்தில் உதவியாளராக முப்பத்துநான்கு வருடம் இருந்தவள். பாடம் நடத்தவில்லை. குடுவைகளைக் கழுவினாள், அமிலப் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டினாள், பரிசோதனை சரியாக வராத பிள்ளைகள் ஏட்டில் எண்ணைத் திருத்தும்போது பின்னால் போய் நின்று தொண்டையைச் செருமினாள். தராசுக்கு மேலே அவள் கையெழுத்தில் ஓர் அட்டை தொங்கும்: முதலில் எழுது, பிறகு தொடு. தராசு முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளாமல் எடைக்கல்லை எடுத்துவிட்டால், அவள் ஒப்புக்கொள்ளவே மாட்டாள். “தொட்டுட்டியா? அப்ப அது அளவு இல்ல. மறுபடி செய்.”

ஜாவ்தி என்றால் ‘தம்பியை அழை’ என்று பொருள். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்த கோபத்தில் தாத்தா வைத்த பெயர். முதல் இரண்டும் தொட்டிலிலேயே போய்விட்டன. இவள் பிழைத்தாள், இரண்டு வருடத்தில் தம்பியும் வந்தான். அவர்தான் என் அப்பா. பாட்டி சீக்கிரமே இறந்ததால் அவரைச் சோறூட்டி வளர்த்ததும், ஸ்கூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்துக் கொடுத்ததும் அத்தை. கல்யாணம் நடக்கவில்லை. பார்க்க வந்த ஒருவரிடம், மூட்டுவலிக்கு அவர் தின்னும் புலியெலும்புப் பொடியில் புலி எவ்வளவு இருக்கும் என்று விசாரித்தாளாம். “அவரு தேநீரைக்கூட முடிக்கல” என்பார் அப்பா.

எங்கள் வீட்டின் மூன்றாவது மாடியில் முன்னோர் மேடை. செம்மரப் பலகையில் ஆறு தலைமுறைப் பெயர்கள். காலையும் மாலையும் அங்கே ஊதுவத்தி ஏற்றியது அத்தை. யார் எந்த நாளில் இறந்தார்கள், யாருக்கு வாத்து பிடிக்காது, யாருக்கு மீனில் இஞ்சி கூடுதலாக வேண்டும், எல்லாம் அவள் தலைக்குள். திதி நாளில் படைத்த பிறகு, அவர்கள் சாப்பிட்டாயிற்றா என்று பிறைக்கட்டை போட்டுக் கேட்க வேண்டும். பிறை வடிவில் இரண்டு மரக்கட்டை. ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் குவிவு. ஒன்றில் தட்டைப் பக்கமும் மற்றதில் குவிந்த பக்கமும் மேலே தெரிய விழுந்தால் ஆமாம். இரண்டும் தட்டையானால் சிரிக்கிறார்கள், மறுபடி கேட்க வேண்டும். இரண்டும் குவிவானால் இல்லை. தாத்தா எப்போதும் மெதுவாகச் சாப்பிடுகிறவர். மூன்று நான்கு தடவை கேட்க வைப்பார்.

அந்தக் கட்டைகளை ஒருநாள் பள்ளிக்கு எடுத்துப்போய், நானூறு தடவை போட்டு எழுதி வைத்தவள் அத்தை. பாதிக்குக் கொஞ்சம் மேலே ‘ஆமாம்’ வந்திருந்தது. “பரவாயில்ல, கொஞ்சம் நம்ம பக்கம் சாயறாங்க” என்றாள். நம்புகிறாளா, கேலி செய்கிறாளா என்று யாருக்கும் பிடிபடவில்லை. ஊதுவத்தியை மட்டும் ஒருநாள் தவறவிட்டதில்லை.

போன வருஷம் முதல் மாதக் கடைசியில் அவளுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. படம் எடுக்கும் கருவி மேல், பழுதாகாமல் இருக்க மக்காச்சோளத் தின்பண்டப் பொட்டலம் ஒன்று வைத்திருந்தார்கள். பச்சை உறைதான் வைக்க வேண்டும், நாள் கடந்ததாக இருக்கக் கூடாது. எங்கள் ஊரில் வங்கி, ரயில் நிலையம், எங்கே கருவி இருந்தாலும் அதன் தலையில் ஒன்று உட்கார்ந்திருக்கும். அத்தை படுக்கையிலிருந்து இறங்கியதும் முதல் வேலையாகப் பொட்டலத்தைத் திருப்பித் தேதி பார்த்தாள்.

“நாலு மாசம் ஆச்சு முடிஞ்சு” என்றாள் கருவியை இயக்கிய பெண்ணிடம். “அதான் கண்டதையெல்லாம் காட்டுது.”

அந்தப் பெண் சிரித்துவிட்டு, பிறகு திரையைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். நான் அதைப் பார்த்தேன். அத்தையும் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து நான்கு நாள் கழித்து, சாப்பாட்டு மேசையில், பேச்சோடு பேச்சாகக் கேட்டாள்.

“தம்பி, நான் செத்தா என்னை எங்க வைப்பே?”

அப்பா சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். கல்யாணமாகாத மகளுக்குப் பிறந்த வீட்டு மேடையில் இடமில்லை. ஊர்க்கோடியில் அப்படிப்பட்ட பெண்களுக்கென்றே ஒரு கூடம் உண்டு. பெயரைப் பலகையில் எழுதி அங்கே கொண்டுபோய் வைப்பார்கள். இதை அத்தைக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

“கூடம்… நல்லாத்தான் வச்சிருக்காங்க அக்கா. போன வருஷம் புது ஓடு போட்டாங்க.”

“நாப்பது வருஷமா அந்த மேடையைத் தொடைச்சிருக்கேன். இடம் இருக்குதா இல்லையான்னு என்னைவிட யாருக்குத் தெரியும்? வலது ஓரத்துல நாலு விரக்கடை இருக்கு. எனக்குப் போதும்.”

அம்மா எழுந்து குழம்பைச் சூடு பண்ணுகிற சாக்கில் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். “நான் எங்கேயோ மீன்காரன் வீட்டுல பொறந்தவ. நான் செத்தா நேரா மேல ஏறி உக்காந்துடுவேன். இங்கயே பொறந்த அண்ணி வெளிய. என்ன சட்டமோ!”

“சட்டம் இல்ல. பயம்” என்றாள் அத்தை. “சொல்லு தம்பி, என்ன பயம்?”

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்: “அப்படி வச்சா வாரிசுக்கு ஆகாதுன்னு சொல்லுவாங்கக்கா. இவனுக்கு ஒரு குடும்பம் அமையாம…”

“இருபத்தேழு வயசாச்சு. ஒரு பொண்ணுகிட்ட மணி என்னன்னு கேக்க இவனுக்கு வாய் வரல. நான் செத்துப் புதுசா இதுல கெடுக்க என்னடா இருக்கு?”

எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகும் அவள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்டு நான் பார்த்த ஒரே பொருள் அதுதான்: நாலு விரற்கடை. ‘எனக்கு ஆட்சேபம் இல்லை அப்பா’ என்று அப்போதே நான் சொல்லியிருக்கலாம். வாக்கியம் தயாராக இருந்தது. வாய் வரைக்கும் வந்தது.

கடைசியில் அப்பாதான் வழி சொன்னார். தாத்தா திதியன்று கேட்டுவிடுவோம். சாப்பாட்டுக்கு ஒரு ‘ஆமாம்’ போதும். இதற்குத் தொடர்ந்து மூன்று வேண்டும். அவர்கள் சரியென்றால் ஊர் என்ன சொன்னாலும் சரி.

“மூணு தொடர்ந்துன்னா எட்டுல ஒண்ணு” என்றாள் அத்தை. “டாக்டர் நான் பொழைக்க அதைவிடக் கம்மியாத்தான் குடுத்தாரு. கேளு.”

திதி மூன்றாம் மாதத்தில். அன்று காலை வேகவைத்த கோழியும் இஞ்சி கூடுதலாகப் போட்ட மீனும் மாடிக்குப் போயின. அத்தையால் படி ஏற முடியவில்லை. நான் முதுகில் சுமந்து போனேன். பள்ளிக்கூடப் பையின் கனம்தான் இருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, தன் சாம்பல்நிறச் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.

அப்பா மண்டியிட்டு விஷயத்தைச் சொன்னார். கட்டைகளைப் போட்டார். ஒன்று தட்டை, ஒன்று குவிவு. ஆமாம்.

இரண்டாவது. மறுபடியும் ஆமாம்.

அம்மா என் தோளைப் பிடித்தாள். அத்தை நாற்காலியின் கையைப் பிடித்திருந்தாள்.

மூன்றாவது தடவை ஒரு கட்டை பாயிலேயே, தட்டைப் பக்கம் மேலே தெரிய விழுந்தது. இன்னொன்று துள்ளி உருண்டு படையல் மேசைக்கடியில், முன்னோருக்காக எரிக்க வைத்திருந்த காகிதப் பொன் கட்டுகளுக்குப் பின்னால் போய்விட்டது. பக்கத்தில் இருந்தது நான். தவழ்ந்து உள்ளே போனேன். தூசிக்குள் கிடந்தது. குவிந்த பக்கம் மேலே. சந்தேகமில்லை, ஆமையின் முதுகுபோல இருந்தது. ஆமாம், மூன்றாவது ஆமாம். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வந்த பிறகுதான் எல்லோரும் என் கையைப் பார்ப்பதைப் பார்த்தேன்.

“எப்படி விழுந்திருந்தது?” என்றார் அப்பா.

“குவிஞ்ச பக்கம் மேல…”

“இருந்ததா, இருந்ததுன்னு நினைக்கிறியா?” அத்தை கேட்டாள். முப்பத்துநான்கு வருடம் பிள்ளைகளிடம் கேட்ட அதே கேள்வி, அதே குரல்.

‘இருந்தது’ என்று ஒரு சொல் போதும். மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேடையிலிருந்து ஆறு தலைமுறை பார்த்துக்கொண்டிருந்தது. என் தொண்டையிலிருந்து வந்தது வேறு.

“இருந்ததுன்னு… நினைக்கிறேன்.”

“பரவாயில்லக்கா” என்றார் அப்பா அவசரமாக. “அவன் பாத்தான்ல, போதும்.”

“தொட்டுட்டான் தம்பி. தொட்டா அளவு இல்ல.” அத்தை நாற்காலியின் கையை விடவில்லை. “மறுபடி போடு.”

“அக்கா, வேணாம்.”

“போடுன்னா போடு. திருத்தின எண்ணை வச்சுக்கிட்டு அப்பா பக்கத்துல போய் உக்கார மாட்டேன்.”

அப்பா போட்டார். இரண்டும் பாயின் நடுவிலேயே, யாரும் தவழ்ந்து தேட வேண்டாதபடி விழுந்தன. இரண்டு ஆமைகள். இல்லை.

கீழே தெருவில் ஒருவன் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தான். அது கிளம்பவில்லை.

“சரி” என்றாள் அத்தை. “அப்பா சாப்பிட்டாச்சான்னு கேளு. சோறு ஆறுது.”

அப்பா கேட்டார். தாத்தா முதல் தடவையிலேயே ஆமாம் என்றார்.

அதன் பிறகு அத்தை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. செய்தித்தாளை மட்டும் என்னை வாசிக்கச் சொன்னாள். நான் தலைப்பைப் படிப்பேன். அவள் தீர்ப்புச் சொல்வாள். ஒன்பதாம் மாதத்தில் தீர்ப்புகள் சுருங்கின. “பொய்” என்பாள். “பாவம்” என்பாள். ஒருநாள் விண்கலம் ஏதோ கோளைக் கடந்து போனதாக வாசித்தேன். “போகட்டும்” என்றாள். மறுநாள் காலை அவள் இல்லை.

புது ஓடு போட்ட கூடத்தில் நாற்பத்தொரு பெண்களின் பலகைகளுக்கு நடுவே அவள் பலகையை வைத்தோம்.

பன்னிரண்டாம் மாதம் அம்மா காலண்டரைப் புரட்டிக்கொண்டே, “பாட்டி திதி என்னிக்குங்க?” என்று கேட்டாள். அப்பாவுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. குளிருக்கு முன்பா, பின்பா என்றுகூடத் தெரியவில்லை. மாடிக்குப் போய்ப் பார்த்தோம். ஊதுவத்திக் கிண்ணத்தில் சாம்பல் ஈரம் கண்டு இறுகியிருந்தது. அப்பா பாயில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் சொன்னேன். “அப்பா, அன்னிக்கு அது குவிஞ்சுதான் இருந்தது. நினைக்கல. பாத்தேன்.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“மேசைக்கடியிலேர்ந்து நீ வெளிய வந்தப்ப உன் மூஞ்சியப் பாத்தேன்ல.”

“அப்புறம் ஏம்பா மறுபடி போட்டீங்க?”

அப்பா கட்டைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “அக்கா போடச் சொன்னாளே. நான் பொறந்ததிலேர்ந்து அவ சொல்லி எதைடா செய்யாம இருந்திருக்கேன்?”

“இப்ப திரும்பக் கேக்கலாமே.”

கட்டைகளை ஒன்றோடொன்று பொருத்தினார். பிரித்தார். மறுபடி பொருத்தினார். கேட்கவில்லை. கேட்டால் அவள் என்ன சொல்வாள் என்பது இருவருக்கும் தெரியும்: அதுக்குப் பேரு அடம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கூடத்துக்குப் போகிறேன். சோயாப்பாலை அவள் பலகைக்கு முன்னால் வைத்துவிட்டுச் செய்தித்தாளை விரிப்பேன். சத்தமாகத்தான் படிக்கிறேன், மற்ற நாற்பத்தொரு பேரும் கேட்கட்டும் என்று. கூடம் பெருக்கும் அம்மாள் துடைப்பத்தோடு நின்று கேட்பாள்.

போன வாரம் ஒரு செய்தி: ‘திருமணமாகாத பெண்களே நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்கிறது புதிய ஆராய்ச்சி.’

படித்துவிட்டு, வழக்கம்போலத் தீர்ப்புக்கு இடம் விட்டு நிறுத்தினேன்.

பெருக்கும் அம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். “என்ன தம்பி, அவ்வளவுதானா?”

“இல்லம்மா. கொஞ்சம் இருங்க” என்றேன்.