ஹீற்றர் தேவைப்படாத வீடு

கோலியர்ஸ் வுட்டில் நாங்கள் குடிபோன கட்டடத்தில் கீழே கடைகள், மேலே வீடுகள். சுவர்கள் நல்ல தடிப்பு. ஜன்னலுக்கு மூன்று கண்ணாடி. ஹீற்றரே தேவைப்படாது, சீலிங்கில் உள்ள துவாரங்களால் நாள் முழுக்கக் காற்று வந்துபோகும் என்றார்கள் வீட்டைத் தந்தவர்கள். யார் நம்பினது? அரசாங்கம் வாடகைக்குத் தரும் பழைய கவுன்சில் வீட்டில் பதினெட்டு வருஷம், குளிர் நுழையும் இடுக்கெல்லாம் பேப்பர் திணித்து வாழ்ந்தவன் நான். முதல் கிழமையே துவாரங்களில் பழந்துணி அடைத்து டேப் ஒட்டினேன். பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு வேறு.

மாசியில் மகளுக்கு இழுப்புக் கண்டது. ஆறு வயது. படுத்தால் மூச்சு விசிலடிக்கும், உதடு நீலமாகும். இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கீழே ரோல்ஸ் பொரிக்கும் கடைக்கார அண்ணையின் எண்ணெய்ப் புகைதான் காரணம் என்று முடிவு கட்டினேன். சேர்ச்சில் ஞாயிறு பூசையில் எங்களுக்கு முன்வாங்கில் இருப்பவர். அந்த முதுகைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மூன்றாம் தரம் ஆஸ்பத்திரியால் வந்த பின்னேரம் நேரே கடைக்குள் போனேன்.

"உன்ர புகையால என்ர பிள்ளையை மூச்சு முட்டிக் கொல்லப் போறியோடா?"

"தம்பி, என்ர புகை குழாயால வெளியில போகுது. ஒருக்கா வந்து பார்..."

முகத்தில் குத்தினேன். விழுந்தவரைச் சட்டையில் பிடித்துத் தூக்கி இன்னொன்று கொடுத்தேன். பல் ஒன்று ரோல்ஸ் தட்டில் தெறித்தது. எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது! அதை மறைத்து என்ன பயன்.

மறுநாள் கட்டடத்து மெக்கானிக் வந்தான். மகளின் அறையில் ஏணி வைத்து டேப்பைக் கிழித்தான். பூஞ்சணம் பிடித்துக் கறுத்த துணி அவளுடைய தலையணையில் விழுந்தது. அலுமாரியை இழுத்தால் பின்சுவர் முழுக்கக் கறுப்பு. இந்தக் கட்டடத்தில் வேறெங்கும் காற்றுப் புக வழியில்லை, இதை அடைத்தால் ஈரமும் பூஞ்சணமும்தான் மிஞ்சும் என்றான்.

மனைவி என் கையைப் பார்த்தாள்.

"அந்த மனுசனை அடிச்ச கையாலதானே இதையும் அடைச்சனீங்கள்? என்ர பிள்ளையின்ர மூச்சை!"

அதே கையைச் சுவரில் அடித்தேன். தோல் கிழிந்தது. போதவில்லை.

"உன்னை ஆர் வரச்சொன்னது?" என்று மெக்கானிக்கிடம் ஆங்கிலத்தில் கேட்டேன்.

கீழ்க்கடைக்காரர்தான் காலையில் போன் பண்ணினாராம். மேல்வீட்டுப் பிள்ளைக்கு மூச்சு முட்டுது, காற்று ஓடுதா என்று உடனே பாருங்கள் என்று.

கீழே ஓடினேன். வீங்கிய வாயோடு மா குழைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, என்னை அடியுங்கோ."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "பிள்ளைக்கு இப்ப மூச்சு விட ஏலுதோ?"