இரவல் வீட்டில் பொங்கிய பால்

சில வருடங்களுக்கு முன், மழைக்காலம் முடிந்த கையோடு, அவுஸ்திரேலியாவின் வடகோடியில் ஒரு சின்னஞ்சிறு ஊரில் நடந்தது இது. அங்குள்ள அரசாங்கக் கிளினிக்கில் என் கடைசி மகள் தாதி. தெற்கே நான் குடியிருக்கும் டண்டினொங்கிலிருந்து ஒரு பெரிய வெறும் சூட்கேஸையும் இழுத்துக்கொண்டு போனேன். அவளுடைய சாமான்களை அடுக்கி, ஆளைக் கையோடு கூட்டிவரத்தான்.

வேலையோடு தருவதாகச் சொன்ன வீடு அவளுக்குக் கிடைக்கவில்லை. ரீச்சர், பொலிஸ், தாதி என்று அங்கே வேலைக்கு வருகிற எல்லாருக்கும் வீட்டுத் தட்டுப்பாடு. மகள் கிளினிக்கின் பின்னறையில், மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே மடக்குக் கட்டிலில் படுத்தாள். அவளுக்கு முன்பிருந்த தாதியும் வீடில்லாமல்தான் வேலையை விட்டுப் போனாளாம்.

என் கணவர் இலங்கையில் ரயில்வேயில் இருந்தவர். மாற்றலாகிப் போன ஊரிலெல்லாம் எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் இருந்தது. சாவி கைக்கு வந்ததும் முதல் வேலையாகப் பால் காய்ச்சுவேன். ரயில் போகும்போது அடுப்பும் தட்டுமுட்டும் அதிரும் அந்தக் குசினிகள் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன. அரசாங்க வேலை பார்க்கிற பிள்ளைக்கு ஒரு கூரை இல்லையா என்று எனக்குப் பொறுக்கவில்லை.

நான் போய் இறங்கிய அன்றே பள்ளிக்கூடத்து ரீச்சர் வந்தாள். வெள்ளைக்காரப் பெண். தன் வீட்டில் மகளுக்கு ஓர் அறையை ஒதுக்கிவிட்டதாகவும், எவ்வளவு காலமும் இருக்கலாம் என்றும் சொன்னாளாம்.

"இரவல் வீட்டில ஒண்டுற ஆக்கள் இல்லை நாங்கள். சாமானைக் கட்டு பிள்ளை," என்றேன்.

மகள் அதை எப்படி மாற்றிச் சொன்னாளோ, ரீச்சர் சிரித்துக்கொண்டே ஏதோ கேட்டாள்.

"புது வீட்டுக்குப் போனா உங்கட ஆக்கள் முதல்ல என்ன செய்வினம் எண்டு கேக்கிறா அம்மா."

"பால் காய்ச்சுவம். சொந்த வீடெண்டால்."

"அப்ப குவார்ட்டர்ஸ் என்ன, அப்பான்ர சொந்த வீடே?"

நான் பால் வாங்கப் புறப்பட்டேன்.

அந்த ஊர்க் கடையில் பால்மாதான் இருந்தது. கரைத்து, ரீச்சரின் அடுப்பில் வைத்தேன். நன்றாகப் பொங்கட்டும் என்று விட்டதில், வழிந்த பால் கருகிப் புகைந்து, கூரையிலிருந்த அலாரம் ஊரைக் கூட்டிவிட்டது. பொலிஸ்காரன் குளித்த பாதியில் துவாயும் தோளுமாக ஓடிவந்தான். பாவம், அவனுக்கும் வீடில்லை, பின்வளவில் ஒரு கரவன் வண்டிக்குள் குடியிருந்தான். அவன் பின்னால் அந்த ஊரின் பூர்வகுடிப் பெண்ணொருத்தி, இடுப்பில் குழந்தையோடு வந்தாள். எல்லாருக்கும் மிச்சப் பாலில் தேத்தண்ணி ஊற்றினேன்.

அந்தப் பெண் மகளின் கையைப் பிடித்து, "நேர்ஸ், யூ ஸ்டேயிங்?" என்றாள்.

அவ்வளவு இங்கிலீஷ் எனக்கும் விளங்கும். மகள் என்னைப் பார்த்தாள்.

"யெஸ்," என்றேன் நான்.

சூட்கேஸ் போனது போலவே வெறுமையாக டண்டினொங்குக்குத் திரும்பி வந்தது. மகளுக்கு இப்போது அங்கேயே தனி வீடு கிடைத்துவிட்டது. ஆனாலும் நான் பால் காய்ச்சிய குவார்ட்டர்ஸ்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிற நேரங்களில், ரீச்சரின் அந்தக் குசினியையும் என்னுடையவற்றோடு சேர்த்துத்தான் எண்ணுகிறேன்.