கிழக்கின் வண்ணங்கள்

டென்மார்க்கின் துறைமுக நகரான எஸ்பியர்க்கில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிற எனக்குச் சனியும் ஞாயிறும் சேர்ந்து விடுமுறை கிடைப்பது இலேசான காரியமல்ல. மூன்று பேரிடம் கெஞ்சி வேலைநேரத்தை மாற்றிக்கொண்டேன். அப்படிக் கிடைத்த இரண்டு நாட்களைத் துண்டுத்துணிப் போர்வை தைப்பவர்களின் சங்கக் கூட்டத்தில் கொண்டுபோய்க் கொட்டினேன்.

மச்சாளும் வந்தாள். என் கணவரின் தங்கை. என்னைப் பார்த்துத் தைக்கத் தொடங்கியவள்.

கூட்டம், யூலாந்துக் குடாநாட்டின் நடுவே வயல்களுக்கிடையில் இருந்த ஒரு விடுதிப் பள்ளியில். குளிர்காலம் முழுக்கத் தைத்த போர்வையைக் கண்காட்சிக்குக் கொடுத்திருந்தேன். எங்கள் துறைமுகத்தைப் பார்த்துச் செய்தது. சாம்பல், அதைவிட வெளிறிய சாம்பல், நடுவில் துருப்பிடித்த கப்பலின் நிறத்தில் ஒரே ஒரு கோடு. வேறு நிறமே கிடையாது.

சங்கத் தலைவி அதைக் கழிப்பறைக்குப் போகும் வழியில் தொங்கவிட்டிருந்தார். பக்கத்தில் ஓர் அட்டை. 'கிழக்கின் வண்ணங்கள்' என்று டெனிஷில் எழுதியிருந்தது.

இதில் எங்கே வண்ணம் இருக்கிறது என்று கேட்டேன்.

"ஒரு சூடு இருக்கிறதே," என்றார், என் கையைத் தடவியபடி. "அது உங்கள் ஆட்களிடம்தான் இருக்கும்."

"இது எஸ்பியர்க் துறைமுகம்."

"ஓ, எவ்வளவு சுவாரசியம்!"

அட்டையைக் கழற்றவில்லை. அடுத்த முறை சேலை உடுத்து வந்தால் படமெடுக்க நன்றாக இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனி முழுவதும் பயிற்சி. கோப்பன்ஹேகனிலிருந்து வந்த ஆசிரியை ஆளுக்கொரு பொதி தந்தார். உள்ளே எல்லாத் துண்டுகளும் இயந்திரத்தில் வெட்டி, பின்பக்கம் பசை பூசித் தயாராக இருந்தன. அடுக்கி வைத்து அயன் பண்ணினால் ஒரு சிவப்பு வீடு. மண்டபம் நிறையப் பெண்கள், மண்டபம் நிறையச் சிவப்பு வீடுகள். ஊசியை யாரும் தொடவில்லை. "துணிந்து உங்கள் கற்பனையை அவிழ்த்துவிடுங்கள்," என்று சொல்லிக்கொண்டே ஆசிரியை மேசை மேசையாகத் திரிந்தார். நான் என் வீட்டுக் கதவைக் கொஞ்சம் சாய்த்து வைத்தேன். வந்து நேராக்கிவிட்டுப் போனார்.

"வீட்டுக்கு வெளிக்கிடுவமே?" என்று மச்சாளிடம் கேட்டேன்.

"நாளைக்கு வோட்டு இருக்கெல்லே. உங்கட போர்வைதான் வெல்லும், இருந்து பாருங்கோவன்."

இருந்துவிட்டேன். எனக்கும் ஆசை இருந்தது; மறைத்து என்ன பயன்?

ஞாயிறு காலைச் சாப்பாட்டில் தலைவி மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து, தன் ரோசாப்பூப் போர்வையின் மேல்பக்கத்தை மட்டுமே தான் தைத்ததாகவும், அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும் நுணுக்கமான வேலையை ஓர் இயந்திரக் கடையில் கொடுத்துச் செய்வித்ததாகவும் கூச்சமில்லாமல் சொன்னார். மதியம் வாக்குச் சீட்டுகளை எண்ணியது அவர். முடிவை அறிவித்தது அவர். முதல் பரிசை வாங்கியதும் அவரே. கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அதுதான் இன்னும் கசக்கிறது.

பிறகு ஒரு கதிரையில் ஏறி என் போர்வையைக் கழற்றினேன். மாலைவரை தொங்கட்டுமே என்றார் தலைவி. வேலைக்குப் போக வேண்டும் என்று பொய் சொன்னேன். உண்மையைச் சொல்லப் போதிய டெனிஷ் எனக்கு இருந்தது, துணிவுதான் இருக்கவில்லை.

காரில் ஏறிய பிறகுதான் வாய் வந்தது. தலைவியையும் அவரது ரோசாக்களையும் கிழித்துத் தொங்கவிட்டேன். மச்சாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ எனக்குத்தானே வோட்டுப் போட்டனி?"

அவள் இருக்கைப் பட்டியை இழுத்துச் சரிசெய்தாள்.

"உன்னைத்தான் கேக்கிறன்."

"கோவிக்காதேங்கோ மச்சாள். நான் அந்த ரோசாப்பூவுக்குத்தான் போட்டனான்."

"ஏன்?"

"உங்கடையும் வடிவுதான். ஆனால் ஜன்னலைத் திறந்தால் ஒவ்வொரு நாளும் அதைத்தானே பாக்கிறம்."

மறுநாளே சங்கத்திலிருந்து விலகுவதாக ஒரு வரி எழுதி அனுப்பினேன். மச்சாள் விலகவில்லை. போன மாதம் அவளைச் செயற்குழுவிலும் சேர்த்திருக்கிறார்கள். சொல்லும்போது அவள் முகத்தில் அப்படியொரு பெருமை. "நல்லது," என்றேன்.