ட்ரூஸ் அம்மாளின் ஜன்னல்

ஆம்ஸ்டர்டாமின் பழைய பேட்டையில், கால்வாயைப் பார்த்த ஒரு தரைத்தள வீட்டில் ட்ரூஸ் டெக்கர் குடியிருந்தாள். பிறந்தது அதே வீட்டின் மாடியில். இரண்டு கல்யாணம் செய்து, முதல் புருஷனை விரட்டி, இரண்டாமவனைப் புதைத்து, முப்பது வருஷத்துக்கு மேல் நகரத்தில் டிராம் ஓட்டி, முட்டி தேய்ந்த பிறகுதான் வேலையை விட்டாள். இப்போது ஜன்னலோரம் உட்கார்ந்து அக்கம்பக்கத்தாருக்குத் துணி தைத்துக் கொடுக்கிறாள்.

அந்த அக்கம்பக்கம்தான் சிக்கல். அவள் வீட்டுக்கு இடப்புறம் ஆறு ஜன்னல், வலப்புறம் நாலு. எல்லாவற்றிலும் சிவப்பு விளக்கு, விளக்கடியில் ஒரு பெண். இந்த ஊரில் அது சட்டப்படி நடக்கிற தொழில். ட்ரூஸுக்கு அவர்கள் எல்லாரும் வாடிக்கைக்காரிகள். ஆனால் ஊரைப் பார்க்க வருகிற வாலிபர்களுக்கு எந்த ஜன்னல் எதற்கென்று தெரியாது. கண்ணாடியைத் தட்டித் தொலைப்பார்கள். அதனால் "இது குடும்ப வீடு, தட்டாதே" என்று ஒரு பலகையை மாட்டி வைத்திருந்தாள்.

அந்த நவம்பர் சாயங்காலம் பலகை உள்ளே கிடந்தது. கண்ணாடி துடைப்பதற்காகக் கழற்றியவள் மறுபடி மாட்ட மறந்துவிட்டாள். தையலுக்கு வெளிச்சம் வேண்டுமென்று விளக்கையும் போட்டாள். விளக்குக்கு மூடி, தங்கை பிறந்தநாளுக்குக் கொடுத்தது. சிவப்பு.

கதவு மெல்லத் தட்டப்பட்டது. இரண்டு பேர். வடக்கே ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில் ஒரு சின்ன ஊர்க் கல்லூரியில் சமூகப்பணி படிப்பவர்கள், சுற்றுலா வந்திருந்தார்கள். பையன் சீட்சே, பனைமர உயரம். கூட வந்த ஃபெம்கே, பேசுவதற்கு முன்பே கண் கலங்கிவிடும் ஜாதி.

"மன்னிச்சுக்கோங்கம்மா. எங்க சார் இந்த ஊர்ல உழைச்சுப் பொழைக்கிற ஒருத்தர்கிட்ட அவங்க வேலையைப் பத்திக் கேட்டுட்டு வரச் சொன்னாரு. உங்களுக்குத் தொந்தரவு இல்லேன்னா..." என்று இழுத்தான் சீட்சே.

ட்ரூஸுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. டிராமைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று எத்தனை வருஷமாகக் காத்திருக்கிறாள்! கட்டிய இரண்டு புருஷன்களும்கூட ஒருநாளும் கேட்டதில்லை.

"உள்ள வாங்க கண்ணுங்களா. பட்டாணி சூப் இருக்கு, சாப்பிட்டுக்கிட்டே பேசலாம்."

சீட்சே பேனாவை எடுத்தான். காது ஏற்கெனவே சிவந்திருந்தது.

"எத்தனை வருஷமா... இந்த வேலையில?"

"முப்பதுக்கு மேல. முட்டி மட்டும் போகலேன்னா இன்னும் செஞ்சுக்கிட்டுதான் இருப்பேன்."

"ஒரு நாளைக்கு எத்தனை பேரு?"

"எங்க எண்ணுறது! காலைல ஆபீஸ் நேரத்துல ஒரே சமயத்துல நூறு பேரு இருப்பாங்க. மழை பேஞ்சா இன்னும் கூட்டம். மூச்சு விட இடமிருக்காது."

சீட்சேயின் பேனா சூப்புக்குள் விழுந்தது. அதை எடுத்துத் துடைத்தபடி, "ஆளுங்க மரியாதையா நடந்துக்குவாங்களா?" என்றான்.

"பெரியவங்க நல்ல மாதிரி. உங்கள மாதிரி காலேஜ் பசங்கதான் மோசம். காசு குடுக்காம பின்பக்கமா நழுவிடுவானுங்க."

ஃபெம்கே மூக்கை உறிஞ்சினாள். "வீட்டுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியுமாவா? எங்கப்பாவும் இதே வேலைதான். அவருதான் என்னைக் கூட்டிட்டுப் போய்ச் சேர்த்துவிட்டாரு. முதல் நாள் தொப்பியை அவர் கையாலேயே மாட்டிவிட்டாரு."

"தொப்பியா?"

"பின்னே? நீலக் கோட்டு, தொப்பி எல்லாம் உண்டு. கார்ப்பரேஷன் சம்பளம், இப்ப பென்ஷன்."

இந்த ஊரில் எதுவும் நடக்கும் என்று அவர்கள் கேள்விப்பட்டிருந்தார்கள். இவ்வளவு என்று நினைக்கவில்லை. ஃபெம்கே எழுந்து வந்து ட்ரூஸின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"இதுல உங்க தப்பு ஒண்ணுமே இல்லம்மா. எல்லாம் சமுதாயத்தோட தப்பு."

"டிராம் ஓட்டுனது சமுதாயத்தோட தப்பா?"

ட்ரூஸ் அவர்களைப் பார்த்தாள். அவர்கள் விளக்கைப் பார்த்தார்கள். விளக்கிலிருந்து அவள் பார்வை கண்ணாடிக்குப் போய், தரையில் கிடந்த பலகைக்கு வந்தது. பிறகு அவள் சிரித்த சிரிப்பில் ஊசிப்பெட்டி கவிழ்ந்துவிட்டது. சீட்சே மேஜைக்கடியில் ஊசி பொறுக்கப் போனவன் வெளியே வர மறுத்தான்.

"நூறு பேருன்னு சொன்னப்பவாவது யோசிக்க வேண்டாமாடா!"

"அதான் யோசிச்சோம்..." என்று கீழேயிருந்து குரல் வந்தது.

அந்நேரம் பக்கத்து ஜன்னல் இலோனா, தைக்கக் கொடுத்த பாவாடையை வாங்க வந்தாள். ஹங்கேரியிலிருந்து வந்து பத்து வருஷமாய் இங்கே தொழில் செய்பவள். விஷயத்தைக் கேட்டுவிட்டு இடுப்பில் கைவைத்தாள்.

"நல்லா இருக்கே! நூத்துக்கணக்குல உனக்கு வந்தா, அக்கா, நாங்க எங்க போறது?" பிறகு ஃபெம்கேயிடம், "என்கிட்டயும் கேளு. ஆனா அழக்கூடாது. அழுறவங்களக் கண்டா எனக்குத் தூக்கம் வரும்" என்றாள்.

ஃபெம்கே கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். இலோனா ஹீல்ஸ் போட்டு நிற்பதால் வரும் முதுகு வலியைப் பற்றியும், கேட்காமலே போட்டோ எடுப்பவர்களைப் பற்றியும் நிதானமாகச் சொன்னாள். முதல்முறையாக ஃபெம்கே அழாமல் எழுதினாள்.

பேச்சின் நடுவே இலோனா வெளியே கண்ணைக் காட்டினாள். மழைக்கோட்டு போட்ட ஒரு ஆள் ஜன்னலைப் பார்ப்பதும், தலையைக் குனிந்து நடப்பதும், திரும்பி வருவதுமாக இருந்தார்.

"புதுசு போல. தைரியம் வர இன்னும் அரை மணி ஆவும்."

சீட்சே எட்டிப் பார்த்தான். "ஐயோ! அது எங்க ப்ரான்ட்ஸ்மா சார்!"

மாணவர்களைத் தேடி வந்தவர், சிவப்பு விளக்கடியில் அவர்களைக் கண்டு, உள்ளே வரவும் முடியாமல் விட்டுப் போகவும் முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார். ட்ரூஸ் கதவைத் திறந்து, "உள்ள வாங்க சார்!" என்று தெருவே கேட்கக் கூப்பிட்டாள்.

"எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சுங்க!" என்றார் அவர், இரண்டடி பின்வாங்கி.

"எனக்கு ரெண்டு தடவை ஆச்சு. சூப் ஆறுது, வாங்க."

வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். நடந்ததைக் கேட்டுப் பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் பழைய டிராம்களில் மணியைக் காலால் மிதித்து அடிப்பார்கள் என்று ட்ரூஸ் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்து, "குதிகாலாலயா, முன்காலாலயா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு அவரைக் கிளப்ப முடியவில்லை. இரண்டு கிண்ணம் சூப் குடித்தார். வளைவில் பிரேக் பிடிப்பது எப்படி என்று ட்ரூஸ் இரண்டு கரண்டிகளை வைத்துக்கொண்டு காட்ட, அவரும் கையில் கரண்டியோடு கற்றுக்கொண்டிருந்தார். வெளியே போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

"சார், பஸ் போயிடும்" என்றான் சீட்சே.

"இருப்பா," என்றார் ப்ரான்ட்ஸ்மா சார், "பாலத்துல டிராமை ஏத்துறதை அம்மா இன்னும் சொல்லல."