கை தட்டாத தையற்காரர்

நாகரத்தினத்துக்கு வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாது. கல்கத்தாவில் காளிகாட் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் அவள் ஆங்கிலம் நடத்தினாள், நான் பூகோளம். ஒரே ஹாலைப் பலகையால் தடுத்து இரண்டு வகுப்பாக்கியிருந்தார்கள். நான் கங்கையைக் கடலில் கொண்டு சேர்ப்பதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் வந்து என் வகுப்பைக் கலைத்துவிடும். எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள்.

அது எமர்ஜென்சி காலம். அவள் கணவர் ராகவேந்திரன் வேலை பார்த்த தொழிற்சாலையில் லாக்-அவுட். லேக் மார்க்கெட் பக்கம் குடியிருந்த அவர்கள் குடும்பமே இவள் சம்பளத்தில்தான் சாப்பிட்டது. அதுவும் தற்காலிக வேலை. பர்மனன்ட் ஆர்டர் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று காத்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் பத்தாம் வகுப்புக்கு அந்தக் கதையை எடுத்தாள். பாடப்புத்தகத்தில் இருந்ததுதான். ஒரு நகரம். தினமும் காலையில் எல்லோரும் வாசலில் நின்று அரசாங்கத்துக்குக் கை தட்ட வேண்டும். ஒரு தையற்காரர் மட்டும் தட்டுவதில்லை. ஒருநாள் அவர் கடை பூட்டிக் கிடக்கிறது. அவ்வளவுதான் கதை.

வேறு யாராவது என்றால் அர்த்தம் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருப்பார்கள். இவள் விடுவாளா? கதையில் எது எதைக் காட்டுகிறது என்று பெண்களைப் போட்டுக் குடைந்தாள். மளிகைக்கடைக்காரர் மகள் காமு எழுந்து தமிழிலேயே சொன்னாள்: "இந்த ஊர்ல ஒரு பறவைகூட வரலை மிஸ். கை தட்டற சத்தத்துலயே எல்லாம் போயிருக்கும். சத்தம் பிடிக்காத மனுஷங்களையும் காணோம்."

நாகரத்தினம் பலகையைச் சுற்றிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள். "கேட்டீங்களா சுப்புலக்ஷ்மி? புத்தகத்தை நாலு தடவை படிச்சேன், நான்கூட இதைக் கவனிக்கலை!"

எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. கங்கையைப் பற்றி என் வகுப்பில் ஒருத்தியும் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இவள் அரசாங்கத்துக்கு எதிராகப் பாடம் நடத்துகிறாள் என்று யாரோ ஒரு பெண்ணின் அப்பா புகார் எழுதிவிட்டார். விசாரிக்க ஓர் அதிகாரி வருகிறார் என்றதும் தலைமை ஆசிரியை நாகரத்தினத்தைக் கூப்பிட்டு, ஏடாகூடமாக ஏதாவது பேசினால் ஆர்டரை மறந்துவிட வேண்டியதுதான் என்று சொல்லி அனுப்பினார். வகுப்பில் அவள் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. விட்டிருந்தால் எனக்குக் கேட்டிருக்கும். ஆனால் பள்ளிக்கூடத்தில் எந்தச் சேதி மறைந்திருக்கிறது?

அதிகாரி வந்த அன்று என் பிள்ளைகளை மேப் வரையச் சொல்லிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். இந்தக் கதையிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய் என்று அவர் யாரையோ கேட்டார்.

"ஒற்றுமை, சார்." காமுவின் குரல். ஆங்கிலத்தில், தடங்கலே இல்லாமல் சொன்னாள். "எல்லோரும் சேர்ந்து கை தட்டுவது நாட்டுப்பற்றைக் காட்டுகிறது. தையற்காரர் ஒரு சோம்பேறி."

அடுத்து இரண்டு வங்காளிப் பெண்களைக் கேட்டார். அவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

"நீங்கள் இப்படித்தான் நடத்தினீர்களா?" என்று அவர் நாகரத்தினத்தைக் கேட்டார்.

"ஆமாம், சார்."

வெரி குட் என்று சொல்லிவிட்டு அவர் போனார். அப்பாடா, வேலை பிழைத்தது என்று நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அப்போது காமு கேட்டாள்.

"மிஸ், பரீட்சைல எதை எழுதணும்? அன்னிக்குச் சொன்னதையா, இன்னிக்குச் சொன்னதையா?"

குறும்புக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நான் எழுந்து பலகையோரம் போனேன்.

"இன்னிக்குச் சொன்னதை," என்றாள் நாகரத்தினம்.

"சரி மிஸ்," என்று காமு உட்கார்ந்தாள்.