டேங்க் மூடியில் சந்தனம்

இன்று முனியப்பண்ணனின் யுத்த காலத்துப் பிக்கப்பில் குந்தாரப்பள்ளி சந்தைக்குப் போனேன். இரண்டு மைலுக்கு ஒருதரம் வண்டி நின்றது.

ஒவ்வொரு தடவையும் அண்ணன் இறங்கி, டேங்க் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்ப்பார். பெட்ரோல் நிறைய இருக்கும். மூடிவிட்டுக் கிளப்பினால் கிளம்பிவிடும்.

"பம்ப்பு போச்சு சார்," என்றார்.

நாலாவது தடவை மூடியை வாங்கிப் பார்த்தேன். காற்றுப் போகிற சின்ன ஓட்டையைப் போன வார ஆயுத பூஜைச் சந்தனம் அடைத்திருந்தது. காற்று உள்ளே போகாமல் பெட்ரோல் எப்படி இறங்கும்?

அண்ணன் ஊக்கால் சுரண்டினார். "வீட்டுக்காரி ஆசையா வெச்சது. அவகிட்ட சொல்லிராதீங்க சார்."

சுரண்டியதைத் தண்ணீர் தொட்டுக் குழைத்து, ஓட்டைக்கு ஒரு விரல் தள்ளிப் பொட்டு வைத்தார். அப்புறம் வண்டி நிற்கவே இல்லை.

அந்த அக்காவைப் பார்த்தால் நீங்களும் பம்ப்பு என்றே சொல்லுங்கள். உளறமாட்டீர்கள்தானே?