நான் போட்ட அந்தமான் டிக்கெட்

நனைந்த ரப்பர் வாடை... கூடவே கொஞ்சம் உப்பு. காலையில் ஆபீஸ் ஷட்டரைத் தூக்கியதும் முதலில் மூக்கில் ஏறுவது அதுதான். பக்கத்துக் கடை டைவிங் கடை. ஆழ்கடலில் முங்கக் கற்றுத்தருவார்கள். முந்தைய நாள் போட்டுக்கொண்டு முங்கிய உடுப்புகளையெல்லாம் எங்கள் ஜன்னலுக்கு எதிரே கொடியில் காயப்போட்டிருப்பார்கள்.

அப்போது நான் பாண்டியில் ஒரு சின்ன டிராவல்ஸில் டிக்கெட் போடும் பெண். அப்பா வேலை பார்த்த மில் மூடியதால் வேலைக்கு வந்தவள். விமானத்தில் ஒருமுறைகூட ஏறியதில்லை. ஆனால் எந்த விமானத்தில் எத்தனை கிலோ விடுவார்கள், எது மெட்ராஸிலிருந்து நேரே அந்தமான் போகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கொஞ்சம் தலைக்கனம் உண்டு... கொஞ்சமென்ன, நிறையவே.

டைவிங் கடையில் படகு ஓட்டியவர் ஏழுமலை அண்ணன். வைத்திக்குப்பத்துக்காரர். பல வருஷமாக மற்றவர்களை முங்க வைத்துவிட்டு மேலே படகில் காத்திருந்தவர். அவரை அந்தமானுக்கு அனுப்பிப் பெரிய கோர்ஸ் முடிக்க வைக்கிறேன் என்றார் கடை முதலாளி. முடித்தால் அண்ணனே ஆட்களைக் கீழே கூட்டிப்போகலாம். கடைசி நாள் பரீட்சை, முப்பது மீட்டர் ஆழத்தில் மூழ்கிக் கிடக்கும் ஒரு கப்பலில்.

"கப்பலுக்குள்ளயே மீனு குடும்பம் நடத்துதாம், தங்கச்சி" என்று என் மேஜைமேல் சாய்ந்துகொண்டு சொன்னார். முகமெல்லாம் சிரிப்பு.

திரும்பி வர இரண்டு விமானம் இருந்தது. ஒன்று காலை ஏழு மணிக்கு, இருபத்தைந்து கிலோ. இன்னொன்று மதியம், பதினைந்து கிலோதான். அண்ணன் பையைத் தூக்கிப்போய் பழைய பேப்பர் கடைத் தராசில் வைத்தோம். இருபத்திரண்டு காட்டியது. நான் யோசிக்கவே இல்லை. ஏழு மணி விமானத்தைப் போட்டேன்.

"அன்னிக்கு சாயங்காலம் எங்கூடப் பொறந்த தங்கச்சிக்கு நிச்சயதார்த்தம்மா. அப்பா இல்ல, நான்தான் தட்டு மாத்தணும்" என்றார்.

"மத்தியானத்துக்கே வந்துடுவீங்கண்ணா" என்றேன், விமானத்தை நானே ஓட்டப்போவது மாதிரி.

கோர்ஸின் கடைசி நாளுக்கு முந்தைய நாள் சாயங்காலம் அந்தமானிலிருந்து போன் வந்தது. அண்ணன்தான்.

"தங்கச்சி... முங்கிட்டு ஒரு நாள் முழுசா ஃபிளைட்டு ஏறக் கூடாதாமே? ரத்தத்துல காத்து இருக்குமாம். மேல போனா சோடா பாட்டில் தொறந்த மாதிரி ஆயிடுமாம். உசுருக்கே ஆபத்துன்னு இங்க கத்துத்தர்ற மாஸ்டர் சொல்றாரு. நாளைக்குப் பத்து மணிக்கு முங்கினா, மக்யா நாள் காலைல ஏழு மணிக்கு எப்டி ஏறுறது?"

கிலோ பார்த்தேன், நேரம் பார்த்தேன். அவர் கடலுக்குள் போகிற மனிதர் என்பதைப் பார்க்கவே இல்லை. மதிய விமானத்தைப் போட்டிருந்தால் இரண்டும் நடந்திருக்கும். பைத்தியம் மாதிரி ஒவ்வொரு கம்பெனியாகக் கூப்பிட்டேன். மதிய விமானத்தில் ஒரு சீட்டும் இல்லை. சாயங்காலத்தில் அங்கிருந்து விமானமே கிடையாது.

வாய் கூசாமல் அவரிடமே கேட்டேன். "நிச்சயத்த ஒரு நாள் தள்ளி வெச்சுக்க முடியாதாண்ணா?"

"மாப்ள ஊட்டுக்காரங்க கனகசெட்டிக்குளத்துலேர்ந்து வேன் புடிச்சு வராங்கம்மா. எப்டி தள்றது?" என்றவர், "சரி, உடு. நான் முங்கல" என்றார்.

வந்தார். தட்டு மாற்றினார். நானும் போயிருந்தேன். முதலாளியிடம் அண்ணன் சொன்னது இவ்வளவுதான்: "கடல் செரியில்ல சார், படகு போவல." என் பெயரை எடுக்கவே இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. இன்றுவரை என்னை உறுத்துவது அதுதான்.

அடுத்த வருஷம் போகலாம் என்றார் முதலாளி. அதற்குள் அண்ணனுக்குக் காதில் சீழ் வைத்து, இனி ஆழத்துக்குப் போகவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணன் மறுபடி படகுக்கே போனார்.

பல வருஷம் கழித்து ஒருநாள் கேட்டேவிட்டேன்... "என் மேல வருத்தம் இருக்காண்ணா?"

"உம்மேல இல்ல. ஆனா அந்தக் கப்பலப் பாக்கலியேன்னு இருக்கு தங்கச்சி. சும்மா சொல்லக் கூடாது... இருக்கு."

இல்லை என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

இப்போது எனக்கே ஒரு சின்ன டிராவல்ஸ் இருக்கிறது. ஆனால் முக்கால்வாசிப் பேர் போனிலேயே டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். ஆப் எல்லாவற்றையும் கேட்கிறது... ஜன்னல் சீட்டா, சைவமா, அசைவமா. மேஜைமேல் சாய்ந்துகொண்டு கப்பலுக்குள் இருக்கும் மீனைப் பற்றிச் சொல்ல யாரும் வருவதில்லை.

போன வாரம் இரண்டு பெண்கள் வந்தார்கள். அந்தமான் போய் டைவ் பண்ணப் போகிறார்களாம்.

"ஆப்லயே போட்டிருப்போம் அக்கா. இங்க படகு ஓட்டுற அண்ணன் ஒருத்தர்தான் உடல. 'எந்தங்கச்சி கடைக்குப் போங்க, அதுக்குத்தான் நம்ம கஷ்டம் தெரியும்'னு அனுப்பி வெச்சாரு."

கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"கடைசி டைவ் எத்தன மணிக்கும்மா முடியுது?" என்று கேட்டேன்.